பட்டம் பெறாமலே பறந்தவர்

நீலமும் தங்க நிறமும் கலந்த ஒரு சின்னஞ்சிறு லைசென்சு. அதன் எண் 1.

இந்திய மண்ணிலேயே பயிற்சி பெற்று, இந்தியாவிலேயே தேர்வு கொடுத்துத் தேறிய முதல் விமானிக்கு வழங்கப்பட்ட லைசென்சு அது. வழங்கப்பட்ட நாள் 1929-ம் ஆண்டு பிப்ரவரி 10-ந் தேதி. அதைப் பெற்றுக்கொண்டவருக்கு அப்போது வயது 24. பெயர் ஜஹாங்கீர் ரத்தன்ஜி தாதாபாய் டாட்டா. பின்னாளில் நாடே ஜே.ஆர்.டி. என்று செல்லமாக அழைத்தது அவரைத்தான்.

அவர் எந்தப் பல்கலைக்கழகத்திலும் கால் வைத்துப் படித்தவர் அல்ல. விமானம் ஓட்டக் கற்றுக்கொள்ள லண்டனுக்கோ பாரிசுக்கோ போகவும் இல்லை. நம் பம்பாயில், ஜுகு கடற்கரைக்குப் பக்கத்தில் இருந்த உள்ளூர் பிளையிங் கிளப்பில்தான் கற்றுக்கொண்டார்.

இன்று மும்பைத் தமிழர் வீடுகள் பலவற்றில் ஒரு கேள்வி எழுகிறது. பிளஸ்-2 முடித்த பிள்ளை பைலட் ஆக வேண்டும் என்கிறான். மகள்களும் இப்போது கேட்கிறார்கள். கல்லூரியில் மூன்று ஆண்டு விமானப் படிப்பில் சேர்ப்பதா, நேராக பிளையிங் கிளப்பில் சேர்ப்பதா? இரண்டுக்கும் பல லட்சம் வேண்டும். பெற்றோர் திகைத்துப் போகிறார்கள்.

இந்த இரண்டு வழிகளும் ஜே.ஆர்.டி.யின் வாழ்க்கையில் குறுக்கிட்டன. ஒன்று கை நழுவியது. மற்றொன்று கை கொடுத்தது. ஆனால் நழுவியதை அவர் கடைசி வரை மறக்கவில்லை. அந்தக் கதை இது.

கடற்கரையில் இறங்கிய விமானம்

ஜே.ஆர்.டி. பிறந்தது 1904-ம் ஆண்டு ஜூலை 29-ந் தேதி, பிரான்சு நாட்டின் தலைநகரான பாரிசில். தந்தை ஆர்.டி. டாட்டா, ஜாம்ஷெட்பூர் இரும்பு ஆலைக்கு வித்திட்ட ஜாம்ஷெட்ஜி டாட்டாவின் உறவினர்; தொழில் கூட்டாளி. தாயார் சூசன் பிரான்சு நாட்டுப் பெண்மணி. ஐந்து குழந்தைகளில் இவர் இரண்டாவது.

கோடை விடுமுறைக்கு அந்தக் குடும்பம் வடக்கு பிரான்சில் உள்ள ஹார்தலோ என்ற கடற்கரை ஊருக்குப் போகும். அங்கே ஒரு பிரபலமான மனிதருக்கும் வீடு இருந்தது. அவர் லூயி பிளேரியோ. 1909-ம் ஆண்டு ஆங்கிலக் கால்வாயை முதன்முதலாக விமானத்தில் தாண்டி உலகையே வியக்க வைத்தவர்.

அந்தக் கடற்கரை மணலில் விமானங்கள் வந்து இறங்கும். ஊரே ஓடிவந்து வேடிக்கை பார்க்கும். அந்தக் கூட்டத்தில் சிறுவன் ஜே.ஆர்.டி.யும் நிற்பான். 15-வது வயதில் அங்கேயே ஒரு விமானத்தில் ஏறி, சிறிது நேரம் வானில் சுற்றி வரும் வாய்ப்பும் கிடைத்தது. இறங்கியபோது ஒரு முடிவோடு இறங்கினான். ஒருநாள் தானே விமானம் ஓட்ட வேண்டும்.

அந்த ஆசை நிறைவேற கிட்டத்தட்ட பத்து ஆண்டுகள் காத்திருக்க வேண்டியிருந்தது.

கை நழுவிய கேம்பிரிட்ஜ்

தந்தையின் வியாபாரத்தால் குடும்பம் ஊர் ஊராக அலைந்தது. பாரிசில் கொஞ்ச நாள் பள்ளிக்கூடம், பம்பாயில் கொஞ்ச நாள், ஜப்பானில் கொஞ்ச நாள். எந்த இடத்திலும் படிப்பு நிலைத்து நிற்கவில்லை. இதற்கிடையே 1923-ல் தாயார் காலமானார்.

இங்கிலாந்தில் உள்ள கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் என்ஜினீயரிங் படிக்க வேண்டும் என்பது ஜே.ஆர்.டி.யின் எண்ணம். அதற்கு ஆயத்தமாக இங்கிலாந்தில் தனிப் பயிற்சிப் பள்ளி ஒன்றிலும் சேர்ந்தார்.

அப்போது அவர் பிரெஞ்சுக் குடிமகன். அந்நாட்டுச் சட்டப்படி 20 வயது ஆனதும் ராணுவத்தில் பணியாற்ற வேண்டும். ஸ்பாஹி என்னும் குதிரைப்படைப் பிரிவில் சேர்க்கப்பட்டார். அது அவருக்குப் பிடித்துப் போயிற்று. இன்னும் சில மாதம் இருந்து குதிரைப்படைப் பள்ளியிலும் பயில விரும்பினார். தந்தை கண்டிப்பாக மறுத்துவிட்டார். மகனுக்கு அப்போது கோபம்தான் வந்தது. ஆனால் பின்னர் அந்தப் படைப்பிரிவு மொராக்கோவில் நடந்த சண்டையில் அடியோடு அழிந்தது. தந்தையின் மறுப்புதான் மகனின் உயிரைக் காப்பாற்றியது.

ராணுவம் முடிந்தது, இனி கேம்பிரிட்ஜ் என்று நினைத்திருந்தவருக்குத் தந்தையிடம் இருந்து இன்னோர் உத்தரவு வந்தது. படிப்பு போதும், பம்பாய்க்கு வந்து கம்பெனியில் சேர வேண்டும் என்பதே அது. 1925-ம் ஆண்டு இறுதியில் ஜே.ஆர்.டி. பம்பாய் வந்து சேர்ந்தார். டாட்டா நிறுவனத்தில் சம்பளம் இல்லாத பயிற்சியாளர் வேலை. ஐ.சி.எஸ். பதவியை விட்டு வந்த பீட்டர்சன் என்ற அதிகாரியின் அறையில் ஒரு மேஜை போடப்பட்டது. அவரிடம் போகும் ஒவ்வொரு கோப்பையும் இவர் படித்துப் பார்க்க வேண்டும். இதுதான் அவருக்குக் கிடைத்த கல்லூரி.

அடுத்த ஆண்டே இடி விழுந்தது. 1926-ல் தந்தை காலமானார். 22 வயதில் தம்பிகளுக்கும் சகோதரிகளுக்கும் ஜே.ஆர்.டி. பொறுப்பாளர் ஆனார். டாட்டா என்ற பெயர் பெரியது; ஆனால் தந்தை விட்டுச் சென்ற கடனும் பெரியது. வீடுகளை விற்றுக் கடனை அடைத்தார்கள்.

கேம்பிரிட்ஜ் கனவு அதோடு முடிந்தது.

இதை விதி என்று விட்டுவிடவில்லை அவர். அலுவலகம் முடிந்து வந்ததும் இரவில் புத்தகமும் கையுமாக உட்காருவார். கல்லூரியில் கற்றிருக்க வேண்டியதை எல்லாம் தானே கற்றார். பட்டம் இல்லை என்ற குறை அவர் மனத்தில் ஒரு முள்ளாகவே இருந்தது. அந்த முள்தான் அவரை ஆயுள் முழுவதும் படிக்க வைத்தது.

ஜுகுவில் கிடைத்த இறக்கை

1928-ம் ஆண்டு பம்பாய் பிளையிங் கிளப் தொடங்கப்பட்டது. டில்லியிலும் அதே ஆண்டில் ஒரு கிளப் வந்தது. சாதாரண மக்கள் விமானம் ஓட்டக் கற்கும் வாய்ப்பு இந்தியாவில் அப்போதுதான் பிறந்தது.

இன்றைய ஜுகுவைப் பார்ப்பவர்களுக்கு அன்றைய ஜுகுவைக் கற்பனை செய்வது கடினம். கடலை ஒட்டிய சேற்று நிலம். மழைக்காலம் வந்தால் ஓடுபாதை எது, குளம் எது என்று தெரியாது. பயிற்சி விமானமோ மரச்சட்டத்தில் துணி போர்த்தியது. மாத் என்று பெயர். மாத் என்றால் விட்டில் பூச்சி. பார்ப்பதற்கும் ஏறக்குறைய அப்படித்தான் இருக்கும்.

கிளப் திறந்த செய்தி அறிந்ததும் ஜே.ஆர்.டி. ஓடிப்போய்ச் சேர்ந்தார். ஆசிரியர் உடன் உட்கார்ந்து சொல்லிக் கொடுக்க, மாணவர் ஓட்டிப் பழக வேண்டும். நம்பிக்கை வந்த பிறகு ஆசிரியர் இறங்கிக்கொண்டு மாணவரைத் தனியே அனுப்புவார். இந்தத் தனிப் பறப்புதான் எந்த விமானிக்கும் முதல் கண்டம்.

ஜே.ஆர்.டி. ஆசிரியரோடு பறந்தது நான்கு மணி நேரம்கூட இல்லை. அதற்குள்ளாகவே தனியாகப் பறந்து, பத்திரமாகத் தரை இறங்கிவிட்டார். சில நாட்களில் லைசென்சு கைக்கு வந்தது. அதே 1929-ல் பிரெஞ்சுக் குடியுரிமையை விட்டுவிட்டு இந்தியக் குடிமகனும் ஆனார்.

வாழ்க்கையில் எத்தனையோ விருதுகள் அவரைத் தேடி வந்தன. ஆனால் அந்த எண் 1 லைசென்சைக் கையில் வாங்கியபோது அடைந்த பூரிப்பு வேறு எதிலும் அவருக்குக் கிடைக்கவில்லை.

மூன்று பேர் போட்டி

அந்தக் காலத்தில் ஆகாகான் ஒரு பரிசு அறிவித்தார். இங்கிலாந்துக்கும் இந்தியாவுக்கும் இடையே தன்னந்தனியாக விமானம் ஓட்டும் முதல் இந்தியருக்கு 500 பவுன். இரண்டில் எந்த நாட்டில் இருந்தும் புறப்படலாம். ஆனால் குறிப்பிட்ட கெடுவுக்குள் முடிக்க வேண்டும்.

மூன்று இளைஞர்கள் களத்தில் குதித்தார்கள். ராவல்பிண்டியைச் சேர்ந்த மன்மோகன் சிங், இங்கிலாந்துக்குப் போய்ப் படித்தவர். 17 வயதே ஆன ஆஸ்பி என்ஜினீயர், கராச்சி கிளப்பில் கற்றவர். மூன்றாமவர் ஜே.ஆர்.டி.

மன்மோகன் சிங் இங்கிலாந்தில் இருந்து புறப்பட்டு முதலில் வந்து சேர்ந்தார். ஆனால் வழியில் பிரான்சில் தரை இறங்க நேர்ந்த தாமதத்தால் கெடு தாண்டிவிட்டது. பரிசு இல்லை.

1930-ம் ஆண்டு மே 3-ந் தேதி ஜே.ஆர்.டி. கராச்சியில் இருந்து மேற்கு நோக்கிக் கிளம்பினார். ஆஸ்பி இங்கிலாந்தில் இருந்து கிழக்கு நோக்கி வந்துகொண்டிருந்தார். ரேடியோ கிடையாது. வழிகாட்டும் கருவி கிடையாது. தேசப் படத்தை மடியில் விரித்து வைத்துக்கொண்டு, கீழே தெரியும் ஆறுகளையும் கடற்கரையையும் பார்த்துப் பறக்க வேண்டும்.

எகிப்து நாட்டில் உள்ள அபூகீர் விமானத் தளத்தில் இறங்கிய ஜே.ஆர்.டி., அங்கே எதிராளியைக் கண்டார். ஆஸ்பியின் விமானம் நகர முடியாமல் நின்றது. என்ஜினுக்கு ஸ்பார்க் பிளக் இல்லை. எங்கிருந்தாவது வந்து சேரும் என்று பையன் காத்துக்கொண்டிருந்தான்.

ஜே.ஆர்.டி.யிடம் உபரியாக ஸ்பார்க் பிளக் இருந்தது. பேசாமல் போயிருந்தால் பரிசு அவருக்கே. அவர் எடுத்துக் கொடுத்துவிட்டார்.

ஆஸ்பி கராச்சிக்குப் போய்ச் சேர்ந்தார். ஜே.ஆர்.டி. சில மணி நேர வித்தியாசத்தில் தோற்றார். அதற்காக அவர் வருந்தியதே இல்லை.

அந்தப் பையன் பின்னர் இங்கிலாந்தின் கிரான்வெல் விமானப்படைக் கல்லூரியில் பயின்று, 1960 முதல் 1964 வரை இந்திய விமானப்படையின் தளபதியாக விளங்கினார். மன்மோகன் சிங்கும் விமானப்படையில் சேர்ந்தார். 1942-ல் ஆஸ்திரேலியாவின் புரூம் துறைமுகத்தில் ஜப்பானியர் தாக்குதலில் உயிர் இழந்தார். வெளிநாட்டில் படித்தவரும் உள்ளூர் கிளப்பில் படித்தவர்களும் ஒரே வானத்தில் சமமாக நின்றதை அந்தப் போட்டி காட்டியது.

சென்னைக்கு வந்த தபால்

நெவில் வின்சென்ட் என்று ஒரு விமானி. பிரிட்டிஷ் விமானப்படையில் இருந்தவர். அவர் ஒரு திட்டத்தோடு வந்தார். லண்டனில் இருந்து வரும் விமானத் தபால் கராச்சி வரை வருகிறது. அதை அங்கிருந்து பம்பாய்க்கும் சென்னைக்கும் விமானத்திலேயே கொண்டு போனால் என்ன?

ஜே.ஆர்.டி.க்குத் திட்டம் பிடித்தது. டாட்டா நிறுவனத் தலைவர் தொராப்ஜி டாட்டாவுக்கு அவ்வளவு விருப்பம் இல்லை. பீட்டர்சன்தான் எடுத்துச் சொல்லிச் சம்மதிக்க வைத்தார். முதலீடு ரூ.2 லட்சம். சர்க்காரிடம் அனுமதி பெறவே மூன்று ஆண்டு போல் இழுத்தது.

1932-ம் ஆண்டு அக்டோபர் 15-ந் தேதி. கராச்சியில் இருந்து காலையில் ஒற்றை என்ஜின் பஸ் மாத் விமானத்தை ஜே.ஆர்.டி.யே ஓட்டிக்கொண்டு கிளம்பினார். உள்ளே சுமார் 25 கிலோ தபால். வழியில் ஆமதாபாத்தில் இறங்கிப் பெட்ரோல் போட்டார். அந்தப் பெட்ரோல் டின்கள் விமானத் தளத்துக்கு மாட்டு வண்டியில் வந்து சேர்ந்தன. பிற்பகலில் ஜுகுவில் இறங்கினார்.

அங்கிருந்து தெற்கே போக வேண்டிய தபாலை ஏற்றிக்கொண்டு வின்சென்ட் புறப்பட்டார். இரவு பெல்லாரியில் தங்கி, மறுநாள் சென்னை போய்ச் சேர்ந்தார். இந்தியாவின் அந்த முதல் விமான நிறுவனத்தின் பாதையில் பம்பாயையும் சென்னையையும் இணைத்த முதல் வானவழி இப்படித்தான் உருவாயிற்று.

கம்பெனியின் சொத்து என்று பார்த்தால் இரண்டு சின்ன விமானங்கள், ஜுகுவில் ஒரு ஓலைக் கொட்டகை, விரல் விட்டு எண்ணக்கூடிய மெக்கானிக்குகள். மழைக்காலத்தில் ஜுகு நீரில் மூழ்கும். உடனே மூட்டை கட்டிக்கொண்டு புனாவுக்குப் போவார்கள். அப்படி இருந்தும் முதல் ஆண்டில் 1,60,000 மைல் பறந்தார்கள். 155 பயணிகளையும் ஏற்றிச் சென்றார்கள். லாபம் ரூ.60 ஆயிரம். ஒரு தபால்கூடத் தாமதம் இல்லை.

வளர்ச்சியும் வேதனையும்

1938-ம் ஆண்டு, 34-வது வயதில் டாட்டா நிறுவனங்களின் தலைவர் ஆனார் ஜே.ஆர்.டி. அரை நூற்றாண்டுக்கு மேல் அந்தப் பதவியில் இருந்தார்.

1942-ல் நெவில் வின்சென்ட் போர்க்கால விமானப் பயணத்தில் மாண்டார். பெரும் இழப்பு அது. ஆனால் கம்பெனி நிற்கவில்லை. 1946-ல் அது ஏர்-இந்தியா ஆயிற்று. 1948-ம் ஆண்டு ஜூன் 8-ந் தேதி 'மலபார் பிரின்சஸ்' என்ற விமானம் பம்பாயில் இருந்து லண்டனுக்குப் புறப்பட்டது. அந்த முதல் பயணத்தில் ஜே.ஆர்.டி.யும் இருந்தார்.

1953-ல் விமானக் கம்பெனிகளை அரசு எடுத்துக்கொண்டது. அவர் அதை எதிர்த்தார், பலிக்கவில்லை. இருந்தாலும் அரசு கேட்டுக்கொண்டபடி ஏர்-இந்தியாவின் தலைவராகச் சம்பளம் இல்லாமல் பணியாற்றினார். பயணியாக உட்கார்ந்து திரைச்சீலை, உணவு, டீயின் நிறம் வரை கவனித்துக் குறிப்பு எழுதுவார்.

25 ஆண்டு உழைப்புக்குப் பின் 1978-ல் அன்றைய மத்திய அரசு அவரை அந்தப் பதவியில் இருந்து நீக்கியது. பெற்ற பிள்ளையைப் பிரிந்தவர் போல வேதனைப்பட்டார்.

கல்லூரிக்குப் போகாதவர் கல்விக்காகச் செய்ததையும் சொல்ல வேண்டும். இளம் விஞ்ஞானி ஹோமி பாபா ஆராய்ச்சி நிலையம் ஒன்று வேண்டும் என்று கேட்டபோது ஊக்கம் கொடுத்தவர் அவர். 1945-ல் பிறந்த டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிலையம் இன்றும் நம் கொலாபாவில் இருக்கிறது. 1988-ல் பெங்களூரில் உயர் ஆய்வு நிலையம் ஒன்று அமையவும் அவரே காரணம். தனக்குக் கிடைக்காதது மற்றவர்களுக்குக் கிடைக்கட்டும் என்று செய்தார். பல்கலைக்கழகங்கள் அவருக்குக் கௌரவ டாக்டர் பட்டம் வழங்கின.

78 வயதில் ஒரு பயணம்

முதல் தபால் பயணத்தின் 30-வது ஆண்டு நிறைவு 1962-ல் வந்தது. 58 வயது ஜே.ஆர்.டி. பழைய காலத்து விமானம் ஒன்றில் கராச்சியில் இருந்து பம்பாய்க்கு மீண்டும் பறந்து வந்தார்.

அது போதாது என்று, பொன்விழா ஆண்டான 1982-லும் அதே பாதையில் பறந்தார். அப்போது வயது 78! லெப்பர்டு மாத் என்ற சிறிய விமானம். இளைஞர்களிடம் சாகச உணர்ச்சி குறைந்துவிட்டதே என்ற ஆதங்கம்தான் அவரை அந்த வயதிலும் விமானத்தில் ஏற்றியது.

1992-ல் பாரத ரத்னா விருது கிடைத்தது. 1993-ம் ஆண்டு நவம்பர் 29-ந் தேதி சுவிட்சர்லாந்தில் உள்ள ஜெனீவாவில் காலமானார். பிறந்த ஊரான பாரிசிலேயே அடக்கம் செய்யப்பட்டார். அவர் வளர்த்த ஏர்-இந்தியா 2022-ம் ஆண்டு ஜனவரி 27-ந் தேதி மீண்டும் டாட்டா கைக்கு வந்தது. அதைப் பார்க்க அவர் இல்லை.

பட்டமா, பயிற்சியா?

இனி நம் வீட்டுக் கேள்விக்கு வருவோம்.

ஜே.ஆர்.டி. காலத்தில் சில மணி நேரப் பயிற்சியில் லைசென்சு கிடைத்தது. அது சொந்தமாக ஓட்டுவதற்கான லைசென்சு. இன்று பிழைப்புக்காக ஓட்டும் கமர்ஷியல் லைசென்சு வேண்டும் என்றால் 18 வயது நிரம்ப வேண்டும். மருத்துவப் பரிசோதனையில் தேற வேண்டும். விமானப் போக்குவரத்து இயக்குநரகத்தின் தேர்வுகளில் தேற வேண்டும். 200 மணி நேரம் பறந்திருக்க வேண்டும். இவற்றில் எந்த இடத்திலும் பல்கலைக்கழகப் பட்டம் கட்டாயம் என்ற விதி இல்லை. பட்டப் படிப்பு வேறு, லைசென்சு வேறு. மூன்று ஆண்டு படித்து முடித்தால் விமானத்தில் உட்கார வைத்துவிடுவார்கள் என்று நம்பிப் பணம் கட்டுபவர்கள் இதை முதலில் தெரிந்துகொள்ள வேண்டும்.

அதற்காகப் பட்டம் வீண் என்று சொல்லிவிடவும் முடியாது. கண்ணிலோ இதயத்திலோ சிறு குறை தெரிந்தால் விமானியின் வேலை ஒரே நாளில் போய்விடலாம். விமானக் கம்பெனி மூடப்படலாம். ஜே.ஆர்.டி.க்குப் பின்னால் ஒரு பெரிய குடும்பத் தொழில் இருந்தது. நம் பிள்ளைகளுக்கு அப்படி இல்லை. அவர்களுக்குக் கையில் ஒரு பட்டம் இருப்பது காப்பு.

அன்று அவருக்கு இறக்கை கொடுத்த பம்பாய் பிளையிங் கிளப்பே பின்னாளில் மும்பை பல்கலைக்கழகத்தோடு இணைந்து பி.எஸ்சி. விமானவியல் படிப்பையும் தொடங்கியது. பறக்கும் பயிற்சி ஜுகுவில் நெரிசல் மிகுந்ததால் துலே நகருக்குப் போயிற்று. இரண்டு வழிகளும் ஒன்று சேரும் காலம் இது.

ஆகவே பெற்றோர் செய்ய வேண்டியது மூன்று. முதலில் மருத்துவப் பரிசோதனை. அதற்குப் பிறகுதான் பணம் கட்டுவது. அடுத்து, எந்த நிறுவனமாக இருந்தாலும் எத்தனை விமானங்கள் பறக்கும் நிலையில் இருக்கின்றன, ஒரு மாணவனுக்கு மாதம் எத்தனை மணி நேரம் கிடைக்கிறது என்று அங்கே படிப்பவர்களிடமே விசாரிப்பது. மூன்றாவது, உள்ளூர் கிளப்பில் சேர்த்தாலும் தபால் வழியிலாவது ஒரு பட்டப் படிப்பைக் கூடவே தொடரச் செய்வது.

ஜே.ஆர்.டி. பகலில் அலுவலகம் போனார். விடிகாலையிலும் விடுமுறையிலும் விமானம் ஓட்டினார். இரவில் புத்தகம் படித்தார். பல்கலைக்கழகம் கிடைக்காத குறையை அந்த இரவுப் படிப்புதான் தீர்த்தது. பிளையிங் கிளப்பைத் தேர்ந்தெடுக்கும் பிள்ளைகள் அவரிடம் இருந்து எடுத்துக்கொள்ள வேண்டியதும் அதுவே.